பத்தாவதில் எத்தனை மார்க்?

ஓசூரிலிருந்து பன்னேர்கட்டா சாலையில் இருக்கும் ஐ.ஐ.எம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அத்திப்பள்ளியில் நெரிசல் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்தில் வாசலுக்குப் போய்விடலாம். உள்ளே போவதுதான் கஷ்டம்.

சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கண் எரிய எரிய 'கேட்', 'ஜிமேட்' என்று படிக்கிற இளைஞர்கள் அந்தப் பக்கம் ஏராளம். எம்.பி.ஏ. விண்ணப்பத்தோடு 'உங்களைப் பற்றி எழுதுக' என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள் அல்லவா? அதைப் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கும் சிலது வரும். சிறுகதை, நாவல் மாதிரி இதையும் ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம். இதில் இரண்டு பள்ளிகள் உண்டு.

முதலாவது, வெள்ளையடிக்கும் பள்ளி. இதில் ஓசூர், 'பெங்களூரு பெருநகர்ப் பகுதி' ஆகிவிடும். அப்பாவின் லேத் பட்டறை 'துல்லியப் பொறியியலில் குடும்பப் பாரம்பரியம்' ஆகும். மூன்றாம் செமஸ்டரில் விழுந்த நாலு அரியர் பற்றி மூச்சே இருக்காது. ஆனால் மதிப்பெண் பட்டியலையும் கூடவே அனுப்புகிறீர்களே சார்! படிப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இடம் கொடுத்த பிறகும் தனியார் நிறுவனங்களை வைத்து விவரங்களைச் சரிபார்க்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போச்சு.

இரண்டாவது, மூக்கு சிந்தும் பள்ளி. முதல் வரியில் மண்ணெண்ணெய் விளக்கு, இரண்டாவது வரியில் அம்மாவின் கண்ணீர், கடைசி வரியில் 'இந்தத் தோல்வியே எனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுத்தந்தது.' எப்படிக் கற்றுத்தந்தது? அது மட்டும் இருக்காது. இப்போது இந்த வரியைக் கம்ப்யூட்டரே எழுதித் தந்துவிடுவதால், எல்லோருடைய அம்மாவும் ஒரே இங்கிலீஷில் அழுகிறார்கள்.

இதற்குப் பத்திரிகைகளாகிய நாங்களும் பொறுப்பு. சரத்பாபுவைப் பற்றி எழுதும்போது 'இட்லி விற்ற தாயின் மகன்' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். மடிப்பாக்கம் குடிசைப் பகுதியிலிருந்து பிட்ஸ் பிலானி போனதும், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்ததும், ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் படித்துவிட்டு 2006-ல் 'ஃபுட் கிங்' தொடங்கியதும் பொடி எழுத்தில் வந்தன. 2005-ல் பெங்களூரில் இட்லி மாவு வியாபாரம் ஆரம்பித்த 'ஐடி ஃப்ரெஷ்' முஸ்தபாவும் அப்படித்தான். வயநாட்டுக் கூலித் தொழிலாளியின் மகன், ஆறாம் வகுப்பில் ஃபெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் கோழிக்கோட்டில் பொறியியல் படித்து, வெளிநாட்டில் வேலை பார்த்து, திரும்பி வந்து ஐ.ஐ.எம். பெங்களூரில் சேர்ந்தார். கதவைத் திறந்தது ஆறாம் வகுப்பு ஃபெயில் அல்ல, அதற்கடுத்த வருடங்கள்.

ஆகவே குறையை எழுதத்தான் வேண்டும், ஆனால் இரண்டே வாக்கியத்தில். நம் லேத் பட்டறைப் பையன் இப்படி எழுதலாம்: 'ஆர்டர் நின்றுபோனதால் அந்த வருடம் இரவில் பட்டறையில் வேலை செய்தேன், நாலு பேப்பர் போயிற்று. அடுத்த இரண்டு செமஸ்டரில் நாலையும் எழுதி முடித்தேன்.' அவ்வளவுதான். மிச்ச இடத்தில், இன்று அவன் பார்க்கும் லைனில் ரிஜெக்ட் எவ்வளவு இருந்தது, அவன் என்ன மாற்றினான், எவ்வளவு குறைந்தது என்று கணக்குச் சொல்லட்டும். இன்டர்வியூவில் எத்தனை குறுக்குக் கேள்வி கேட்டாலும் அந்தக் கணக்கு தாங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஐ.ஐ.எம். பெங்களூரின் இரண்டு வருடப் படிப்புக்கு நேர்முகத்துக்கு அழைக்கும்போதே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் கூட்டிப் பார்க்கிறார்கள். அங்கே கட்டுரை எழுதி மார்க்கை ஏற்ற முடியாது. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை இருபத்தைந்து வயதிலும் துரத்துவது நியாயமா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஹைதராபாத் ஐ.எஸ்.பி., அனுபவசாலிகளுக்கான ஒரு வருடப் படிப்புகள் போன்ற இடங்களில்தான் கட்டுரைக்கு மதிப்பு.

இத்தனைக்கும் ஓசூருக்கு இது புதிதில்லை. 1980களில் டைட்டன் அங்கே கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகள் பலரை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. 'முன் அனுபவம் இல்லை' என்பதை அங்கே குறையாக நினைக்கவில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரரின் மகளை எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களே இருக்கும் சீசனில் பழத்தை வாங்கி அரைத்து, டப்பாவில் அடைத்து, வருடம் பூராவும் விற்று வங்கிக் கடனைக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள். நடைமுறை மூலதனம் பற்றி அவளுக்குப் பேராசிரியர் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவள் கட்டுரையில் மாம்பழ வாசனையே இருக்காது. 'உணவு பதப்படுத்தும் துறை' என்றுதான் இருக்கும்.

பத்தாவதில் எத்தனை மார்க் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்டால், அரைமணி நேரம் பேச விஷயம் இருக்கட்டும். அது இல்லையென்றால் கட்டுரையைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த விஷயத்தைச் சம்பாதியுங்கள்.