பாரத்தில் பெயர் இல்லாதவன்

மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் சிவப்பு ஐசி பாட்டிக்கு நிரந்தர இடமுண்டு. தோட்டத்தில் பால்மரம் சீவி முதுகு வளைந்தவள், குடியுரிமை இல்லாததால் சமூக நல உதவித்தொகை கிடைக்காமல் சாவாள். போட்டிக் கதைகளைப் படிக்க உட்காரும்போதெல்லாம் அவளைச் சந்திக்கிறேன். அதே கட்டில் வங்காளதேசித் தொழிலாளியும் வருவான். பெயர் இருக்காது. கிளினிக் வரிசையை நீளமாக்குவான், அல்லது யாருடைய சங்கிலியையாவது அறுத்துக்கொண்டு ஓடுவான்.

போன மாதம் கிளினிக்கில் ஒரு பெரியவர் என் காதருகே சொன்னார்: "நம்ம வரிப்பணத்துல இவனுங்களுக்கு வைத்தியம், பாரு தம்பி." குடிமகன் கட்டுவது ஒரு வெள்ளி, இவன் கட்டுவது பல மடங்கு என்று அவருக்குத் தெரியவில்லை. போகட்டும், அவர் கதை எழுதுபவரல்ல. எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

பாட்டிக்காக நம் கதைகள் வைக்கும் வாதம் ஒன்றுதான்: இந்த மண்ணுக்கு உழைத்தாள். சரியான வாதம். 1907இல் காலனிய அரசு தமிழர் குடியேற்ற நிதியை அமைத்தபோது, அதற்குப் பணம் கட்டியவர்கள் நம் ஆட்களை வேலைக்கு வைத்த முதலாளிகள். கப்பல் செலவு அதிலிருந்துதான். பின்னாளில் உழைக்க முடியாமல் போனவர்களை ஊருக்கு அனுப்பியதும் அதிலிருந்துதான். அதைப் பிச்சை என்று நாம் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் கையுறைத் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்றவனுக்கு என்ன கணக்கு? நேற்று இறங்கியவனுக்கு முதியோர் உதவித்தொகை கொடு என்று நான் கேட்கவில்லை. குடிமக்களுக்கென்று சிலது இருக்கலாம். ஆனால் சொக்சோவின் விபத்துக் காப்புக்குள் அவன் வந்ததே 2019இல்தான். இபிஎஃப் கட்டாயமானது 2025 அக்டோபரில். முதலாளி 2 விழுக்காடு கட்டினால் போதும். பக்கத்தில் நிற்கும் நம் பையனுக்கு 12 அல்லது 13. ஒரே மெஷின், ஒரே ஷிப்ட். இதில் கதை இல்லையா? நம்மை வந்தேறி என்று ஏசினால் மட்டும் நமக்குச் சுருக்கென்கிறது.

இம்முறை வந்ததில் ஒரு கதை மட்டும் கிட்டே போனது. தமிழ் சூப்பர்வைசர் ஒருவர், விரல் நசுங்கிய பையனுக்காக சொக்சோ பாரம் நிரப்ப உட்காருகிறார். "உன் பேரு என்னடா?" என்று கேட்கிறார். அடுத்த வரியில் மனைவியின் போன் வந்துவிடுகிறது, கதை அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. எழுதியவரைக் கூப்பிட்டு, முதலில் அந்தப் பாரத்தை நிரப்பி முடியுங்கள் என்று சொல்லலாம் போலிருந்தது.