கண்ணாற் படிப்பதும் காதாற் படிப்பதும்

ஆண்டு பிறந்தவுடன், அது முடிவதற்குள் இத்தனை நூல்களைப் படித்துத் தீர்ப்பது என்று கணக்கு வகுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடையேயும் இப்பொழுது பரவி வருகிறது. சிரம்பானில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள நூலன்பர் ஒருவர் அத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரித்து, நம் அபிப்பிராயத்தைக் கேட்டு அனுப்பியிருந்தார். ஐம்பது நூல்கள், பன்னிரண்டு மாதங்கள். தை மாதத்துக்குச் சங்க நூல்கள், ஏப்ரல் மழைக்குத் துப்பறியும் கதைகள், தீபாவளி விடுமுறைக்குக் கல்கியின் சரித்திர நாவல், டிசம்பர்க் கடைசி வாரத்துக்கு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. இந்தக் கடைசி நூலை அங்கே வைத்ததற்குக் காரணம் யாதென்று கேட்டோம். கணக்குக் குறைந்திருந்தால் விடுமுறையில் வேகமாக முடித்துவிடலாம் என்று விடை வந்தது. இக்கட்டுரை அந்த விடையிலிருந்து பிறந்தது.

நண்பர் தோட்டத்துப் பிள்ளை. ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு பிராயத்தில் லயத்து வாசலில் அல்லி கதையைக் கேட்டார். வாலிபத்தில் மு. வரதராசனாரின் நூல்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கினார். நடுவயதில் கல்கியையும் அகிலனையும் நூலகத்திலிருந்து எடுத்துவந்து இரவெல்லாம் படித்தார். இப்பொழுது பட்டியல் போடுகிறார். ஒரு மனிதரின் இந்த வாசிப்பு வரலாறு நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் வாசிப்பு வரலாறாகவே இருக்கிறபடியால், அதைச் சிறிது விரித்துப் பேசுவது தகும் என்று கருதுகிறோம்.

பருவத்துக்கேற்ற நூல் என்பது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மார்கழிக்குத் திருப்பாவையும் திருவெம்பாவையும் இருந்தன. மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பித்தார்கள். இந்தப் பஞ்சாங்கத்தை மூட்டையோடு கட்டிக்கொண்டுதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். ஆனால் ரப்பர்க் காட்டில் அது செல்லவில்லை. இங்கே பருவத்தை வகுத்தது பால்மரம். பொழுது புலருமுன் மரத்திற் பாலழுத்தம் மிகுதியாக இருக்கும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, விளக்கோடு மரத்தடிக்குப் போகவேண்டும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. மங்கில் விழுந்த பாலையும் மழை அடித்துக்கொண்டு போகும். வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. ஊரிலே மழைக்காக நூலைப் படித்தவன் இங்கே மழையினாலே நூலைப் படிக்க நேர்ந்தது. இம்மாநிலத்தின் மேற்குப் புறத்தில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை மிகும். தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்ததென்று பெயர் பெற்ற ஜெலுபுப் பகுதியும் இம்மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்தவர்களுக்குப் படிக்கும் நாள் குறைவு, கூலி நாள் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அன்றியும், ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் மரம் இலையுதிர்க்கும், பால் சுருங்கும். பொங்கல் என்னும் அறுவடைத் திருநாள், ரப்பர் நாட்டில், மரம் கை விரிக்கும் காலத்தை ஒட்டி வருகிறது.

ஆகவே தோட்டத் தமிழனுடைய வாசிப்புப் பருவம் என்பது அவனுடைய பற்றாக்குறைப் பருவமே. புத்தகம் விரித்த நாட்கள் அடுப்பு அரைகுறையாக எரிந்த நாட்கள். அந்நாட்களில் லயத்து வாசலில் விரிக்கப்பட்டவை எவை? 'பெரிய எழுத்து' என்று அட்டையில் அச்சிட்டு வந்த நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவை. படிக்கத் தெரிந்தவர் ஒருவர், பெரும்பாலும் ஆண்மகன், மண்ணெண்ணெய் விளக்கை அருகே வைத்து ராகத்தோடு இழுத்துப் படிப்பார். சுற்றிலும் இருப்பவர்கள் கேட்பார்கள். அதிலே பாதிப்பேர் பெண்கள். அவர்கள் விடியற்காலையில் ஆண்களோடு மரம் வெட்டி, காண்டாவில் பால் சுமந்து, பிற்பகலில் சோறாக்கித் துணி துவைத்தவர்கள். கண்ணால் படிக்க அவர்களுக்கு எழுத்துமில்லை, நேரமுமில்லை. அரிசி பொறுக்கிக்கொண்டும், குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டும் காதால் படித்தார்கள். 'படித்தார்கள்' என்ற சொல்லை நாம் அறிந்தே இடுகிறோம். படிப்பவர் அடியைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்களே.

இந்நூல்களின் சரக்கைப் பற்றி நம் அபிப்பிராயம் மாறிவிடவில்லை. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப்போய், அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழும் நல்லதங்காளைப் பார்த்து அழச் சொல்லும் கதை, பஞ்சத்தை உண்டாக்கியவன் யார் என்று கேட்கச் சொல்லவில்லை. குற்றமெல்லாம் அண்ணியாகிய மற்றொரு பெண்ணின் தலையில் விடிகிறது. அல்லி கதையோ அதினும் மோசம். மதுரையைத் தனியே ஆண்ட ஒரு பெண்ணை, அவள் உறங்கும்போது வஞ்சகமாய்த் தாலி கட்டி அடக்குவதை வீரமென்று பாடுகிறது. புகழேந்திப் புலவர் தலையில் இவற்றைக் கட்டி வைத்தவர்கள் அப்புலவருக்கும் நன்மை செய்தவர்களல்லர். இவையெல்லாம் உண்மை. ஆயினும், அல்லி ஆண்ட பகுதியை இருமுறை படிக்கச் சொல்லிவிட்டு, தாலி கட்டும் பகுதி வந்ததும் உறக்கம் வருகிறதென்று எழுந்துபோன கிழவியை நாம் சிறுவராயிருந்தபோது கண்டிருக்கிறோம். நூலாசிரியர் எழுதியது ஒன்று, அவள் படித்தது வேறொன்று. அவ்வம்மையாரைவிடக் கூரிய விமர்சகரைப் பின்னாளில் நாம் அதிகம் சந்திக்கவில்லை.

நிற்க. சீர்திருத்தம் வந்தது. 1925-இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' புறப்பட்டது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசினார். அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் 'முன்னேற்றம்' தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒழியுங்கள், அறிவு நூல்களைப் படியுங்கள் என்று நம் பத்திரிகைகள் விடாமல் எழுதின. எழுதியது சரியே. பத்திரிகையும் காதால் படிக்கப்பட்டதுதான். ஒருவர் உரக்கப் படிக்க, பலர் கூடிக் கேட்டார்கள். ஆனால் எங்கே கூடினார்கள்? தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், படிப்பகத்திலும். லயத்து வாசலிலிருந்து நூல் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டது. கடைத்தெருவுக்குப் பெண்கள் வரவில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடியிருந்து வெகு ஆவேசமாகத் தர்க்கம் செய்துவிட்டு, சோற்றுக்கு வீடு திரும்பிய விந்தையை என்னவென்று சொல்வது! மு.வ. 'தங்கைக்கு' என்று கடித வடிவிலேயே ஒரு நூல் எழுதினார். நம் நண்பர் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார் என்றோமே. அவருக்குத் தங்கைமார் இருவர் உண்டு. அந்நூலை அவர்களுக்குப் படித்துக் காட்டினீரா என்று கேட்டதற்கு, அது தமக்குத் தோன்றவேயில்லை என்றார். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நமக்கும் தோன்றவில்லை. எதை விட்டுவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம், அதைப் படித்த முறையையும் சேர்த்து விட்டுவிடுகிறோமே என்பதைக் கவனிக்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகையிலும் குழந்தைக் காப்பகத்திலும் கிராணியோ கங்காணியோ நடத்திய பள்ளிகளாயினும், அவற்றின் வழியே பெண்பிள்ளைகளுக்கும் எழுத்து வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கப்பல் நின்றது. கப்பலோடு புதுப்புத்தகமும் நின்றது. அதன் பின் வந்த பத்தாண்டுகளே தோட்டத்து வாசிப்பின் பொற்காலம் எனலாம். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அதன் பொதுச்செயலாளராக விளங்கிய பி.பி. நாராயணன் தொழிற்சங்கப் பணியிற் புகுந்தது இந்த நெகிரி செம்பிலானில்தான். அச்சங்கத்தின் 'சங்கமணி' லயங்களுக்கு வந்தது. 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. பொங்கலை ஒட்டிப் பேச்சுக்கும் எழுத்துக்கும் போட்டிகள் வைத்தார்கள். முரசின் மாணவர் மணிமன்றத்தில் சிறுமியரின் பெயர்களும் அச்சேறின. மகள் கண்ணாற் படிக்கலானாள். தாய் காதாற் படிப்பதை இழந்தாள். இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில் நடந்தன.

அதற்குப் பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு இலையுதிர்காலம் இல்லை, ஆகவே ஓய்ந்திருக்கும் பருவமும் இல்லை. நீலாயிலும் செண்டாயானிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. தோட்டத்தைவிட்டு வந்தவர்கள் அடுக்குவீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் நூலை அவரவர் படிக்கலானார்கள். இப்பொழுது ஒலிநூல் வந்திருக்கிறது. நூல் மறுபடியும் காதுக்குத் திரும்பியிருக்கிறது என்று மகிழ்கிறோம். ஆனால் ஒவ்வொரு காதிலும் தனித்தனிக் கருவி. நிறுத்து, அந்த இடத்தை மறுபடி படி என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

இனி நண்பரின் பட்டியலுக்கு வருவோம். அவர் தெரிந்தெடுத்த நூல்களில் நமக்குப் பெரும்பாலும் விரோதமில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' இருக்கிறது. 1970-களில் இந்நாட்டைப் பார்த்துச் சென்றபின் அவர் எழுதியது. விருந்தாளியின் அன்பும் விருந்தாளியின் அவசரமும் அதிலே உண்டு என்பது நம் கட்சி. ஆயினும் நம் துன்பத்தைத் தமிழ்நாட்டு வாசகனுக்கு அறிவித்த நன்றி அதற்கு உரியது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. அதுவும் சயாம் ரயில் பாதையைப் பற்றியதே. நம் வழக்கு எண்ணிக்கையின் மேல்தான். 1942, 43 ஆகிய இரண்டே ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை அறுத்துப் போடப்பட்ட பாதை அது. அதற்கு இந்தத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள்; மிகப்பலர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டார்கள், திரும்பவில்லை. நண்பரின் தாய்மாமனும் திரும்பவில்லை. அப்படியிருக்க, அந்நூலை விடுமுறையில் வேகமாக முடிக்கத்தக்க நூல் என்று எண்ணி ஐம்பதாவது இடத்தில் வைக்கும்படி ஒரு நல்ல மனிதரை எது செய்தது? இலக்கு என்ற ஒன்று வந்துவிட்டால் நூலின் கனத்தைப் பார்ப்பது போய்ப் பக்கத்தைப் பார்ப்பது வந்துவிடுகிறது. மங்கில் எவ்வளவு பால் என்று கிராணி நிறுத்துக் குறித்ததைப் போல, நாமே நம் படிப்பை நிறுக்கத் தொடங்கிவிட்டோம்.

இதை அவருக்கு எழுதினோம். கூடவே ஒரு யோசனையும் எழுதினோம். அவருடைய அன்னையாருக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. பள்ளியில் அடி வைத்ததில்லை. சயாமுக்குப் போனவர் அவருடைய அண்ணன். அந்நூலை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, மாலையில் ஒரு நாழிகை நேரம் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டலாகாதா என்று கேட்டோம். நண்பர் முதலில் சிரித்தார், பின்பு செய்தார்.

நடந்ததைத் தொலைபேசியில் அவரே கூறினார். முதல் மாலை அம்மையார் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் மாலை, ஆள் பிடித்துப்போகும் கட்டத்தில் நிறுத்தச் சொல்லி, தம் அண்ணனைக் கூட்டிப்போன காலைவேளையைச் சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு இரண்டு பக்கம்கூட நகரவில்லை. மூன்றாம் மாலை அண்டை வீட்டு அம்மாளும் வந்து உட்கார்ந்துகொண்டார். வர்ணனை நீண்டபோது இருவரும் வெற்றிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பேச்சு வந்த இடங்களில் மட்டும் காது கொடுத்தார்கள். இந்தக் கவனிப்பு எந்த ஆசிரியருக்கும் பயன்படும். ஒரு மாதத்தில் ஐம்பதில் ஒரு நூல்தான் முடிந்தது. முடிந்த அன்று அம்மையார் கேட்டாராம்:

"போனவங்க கதைய எழுதிட்டாங்க, சரி. லயத்துல கெடந்தவங்க கதைய எவன்யா எழுதுனான்?"

நண்பருக்கு விடை தெரியவில்லை, நம்மைக் கேட்டார். ஜப்பானியர் காலத்தை வைத்துச் சா.ஆ. அன்பானந்தன் எழுதிய 'மரவள்ளிக்கிழங்கு' என்னும் நாவலின் பெயரைச் சொன்னோம். அது அவருடைய பட்டியலில் இல்லை; அவருடைய அலமாரியிலும் இல்லை. பிரதி வைத்திருக்கும் வாசகர்கள், இரண்டு மாதத் தவணையில், இப்பத்திரிகையின் மேற்பார்வைக்கு அனுப்பினால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். தாமதம் வேண்டாம். கேட்பவருக்கு வயதாகிவிட்டது.