அலைவரிசையில் ஒரு தொலைபேசி எண்

அமெரிக்க வான்வெளியில் விமானி ஒருவர் விதியை மீறியதாகத் தோன்றும்போது, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அவரை அங்கேயே விசாரிப்பதுமில்லை, தண்டிப்பதுமில்லை. மற்ற விமானங்களை ஆபத்திலிருந்து விலக்கிய பிறகு, விதிமீறல் நிகழ்ந்திருக்கலாம் என்று வானொலியில் அறிவித்து, அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார். அவர் தரும் தகவலைக் கொண்டு விசாரித்து முடிவெடுப்பது கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வேறொரு பிரிவு.

பிரேஷர் அறிவிப்பு எனப்படும் இம்முறைக்குப் பெயர் தந்தது 1987-இல் தீர்ப்பான ஒரு வழக்கு. அவ்வழக்கின் விமானி பிரேஷர் தவறியது உண்மையே என்று கொண்ட தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்ற தன் கையேட்டு விதியை நிர்வாகமே பின்பற்றாததால், தண்டனையை விலக்கியது. நினைவு மங்குமுன் நடந்ததைக் குறித்துக்கொள்ளவும், 1976 முதல் நாசா நடத்திவரும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்குப் பத்து நாட்களுக்குள் எழுதி, அறியாமல் நேர்ந்த பிழைக்குத் தண்டனை விலக்குக் கோரவும் அறிவிப்பு வழிசெய்கிறது என்பதால், இதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. 2015-க்குப் பின் நிர்வாகமும் சாதாரணப் பிழைகளுக்கு உரிமப் பறிப்பைவிட அறிவுரையையும் மறுபயிற்சியையுமே விரும்புகிறது.

எனினும், வேலைப்பளு இடங்கொடுத்தால் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்று கையேடு சொல்வதால், பிழைகள் மலியும் நெரிசல் நேரத்தில்தான் அறிவிப்பு விடுபடவும் கூடும். தொலைபேசியில் சொல்வது தனக்கு எதிரான சான்றாகலாம் என்று அஞ்சும் விமானி அளந்தே பேசுவார். உண்மையை அறிய உதவ வேண்டிய அழைப்பே அவருக்கு வாய்ப்பூட்டுப் போடுவது விசித்திரமே.

இதைவிடப் பெரிய குறை 2023 ஜனவரி 13 அன்று நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் வெளிப்பட்டது. லண்டன் செல்லவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 777 தவறான ஓடுபாதையைக் கடக்க, அதே பாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்த டெல்டா 737-க்குத் தந்த புறப்பாட்டு அனுமதியைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ரத்துசெய்ய, அது நின்றது. உயிர்களைக் காத்த அந்தக் கட்டளையில் குறைகாண ஏதுமில்லை. அதன்பின் 777-க்கும் முறைப்படி எண் தரப்பட்டது. விமானிகளோ திட்டமிட்டபடி லண்டனுக்குப் பறந்தனர். இரண்டு மணி நேரம் மட்டுமே சேமிக்கும் விமானியறைக் குரல்பதிவுக் கருவியில், ஓடுபாதையில் அவர்கள் பேசியது அழிந்து அதன்மேல் வேறு பதிவேறியது. ஒலிப்பதிவுடன் கூடிய விசாரணைக்கு அவர்கள் இணங்காததால், வாரியம் அழைப்பாணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

விமானிக்கு நியாயம் செய்யப் பிறந்த அறிவிப்பு, சான்றைக் காக்கும் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. 25 மணி நேரப் பதிவைக் கட்டாயமாக்கிய 2024-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு அழிவதைத் தடுக்கலாம். ஆனால் சற்றுமுன் பெரும் விபத்திலிருந்து தப்பிய குழுவே அடுத்த கணம் நெடும்பயணம் புறப்படலாமா என்பதை இன்னும் அக்குழுவும் விமான நிறுவனமுமே தீர்மானிக்கின்றன, எண்ணைக் கொடுத்த கோபுரம் அல்ல.