கம்மாபுரமும் சிகாகோவும்

சமூகவியல் பட்டப்படிப்பில் குற்றவியல் ஒரு தாள்தான். நோட்ஸைப் புரட்டினாலே பாஸ் பண்ணிவிடலாம் என்றொரு பெயரும் அதற்கு உண்டு. பெக்காரியா 1764, லொம்ப்ரோசோ 1876, மெர்ட்டன் 1938 என்று ஒப்பித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நெய்வேலிப் பிள்ளைகளும் அப்படியே படிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

செம்புக் கம்பித் திருட்டை எடுத்துக்கொள்வோம். கேபிளின் மேலுறையை எரித்து, உள்ளிருக்கும் செம்பைக் காயலாங்கடையில் எடைக்குப் போடுகிறான் ஒரு பையன். தண்டனை கடுமையாக இருப்பதைவிடத் தப்பாமல் கிடைப்பதே முக்கியம் என்பார் பெக்காரியா. லொம்ப்ரோசோ பையனின் மண்டையை அளப்பார். அந்தச் சிந்தனைப் பள்ளியைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. சதர்லாண்ட் கேட்பதுதான் உருப்படியான கேள்வி: எரித்தெடுக்க இவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கேள்வி கேட்காமல் வாங்கும் கடைக்காரர் ஏன் கணக்கில் வரவில்லை? 1939இல் மேல்தட்டுக் குற்றங்களைக் குற்றவியலுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான்.

நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பிரிவு தெரிந்த ஊருக்கு மெர்ட்டனைப் புரியவைப்பது சுலபம். ஆசை எல்லோருக்கும் பொது, வழி சிலருக்கு மட்டும். ஆனால் வழி அடைபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் திருடுவதில்லையே? அங்கே மெர்ட்டன் தடுமாறுகிறார். சிகாகோவில் ஷாவும் மெக்கேயும் வேறொன்றைக் கண்டார்கள். குடியிருந்த இனத்தார் மாறிய பிறகும் இளங்குற்றம் அதே பகுதிகளில்தான் மிகுதியாக இருந்தது. அப்படியானால் பழியை எந்த இனத்தின் மேலும் போட முடியாது.

அந்தப் பாடம் நம் பக்கத்தில் ஏறவே இல்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. பிறந்ததே குற்றம் என்று ஆனது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952இல் நாடு முழுவதும் சட்டம் விலக்கப்பட்டது, சந்தேகம் விலகவில்லை. 1993இல் நெய்வேலிக்குப் பக்கத்து முதனை கிராமத்தின் ராசாக்கண்ணு, குறவர் சமூகத்தவர், நகைத் திருட்டு விசாரணை என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தியதால்தான் காவலில் நேர்ந்த சாவு வெளிச்சத்துக்கு வந்தது. இந்த வழக்கை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தை எல்லோரும் பார்த்தோம்; ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதிய, சமூகம் குத்தும் முத்திரையே ஒருவரைக் குற்றவாளியாக்குகிறது என்ற முத்திரைக் கோட்பாட்டோடு அதைச் சேர்த்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

குற்றவியலைத் தனித் துறையாகப் படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகமும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே சிறையும் தடயமும் இணையக் குற்றமும் விரிவாகக் கிடைக்கும். சமூகவியல் மாணவருக்கு அவ்வளவு வாய்ப்பில்லை. அவர் தரத்துக்கு நான் வைக்கும் அளவுகோல், புள்ளிவிவரத்தை நம்புவதற்கு முன் அது பிறக்கும் இடத்தைப் பார்த்தாரா என்பது. புகாரோடு ஸ்டேஷனுக்குப் போனவர் கையில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்துத் திரும்பினால், எஃப்.ஐ.ஆர். போடப்படாத அந்தச் சம்பவம் 1953 முதல் ஆண்டுதோறும் வரும் தேசியக் குற்றக் கணக்கில் ஏறாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவத்தில் மாணவர்களை ஒரு நாளாவது விருத்தாசலம் நீதிமன்றத்தில் உட்கார வையுங்கள். லொம்ப்ரோசோவைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.