நடை மாறாமல் வேகம் கூட்டுவது

ஓவர்கிளாக் என்றாலே முரட்டு வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கோர் 2 குவாட் கியூ6600 ப்ராசஸரை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.0-க்குக் கொண்டுபோகும் முறையை நிதானமாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2007-இல் வந்த சிப் அது. அதில் ஒளிந்திருக்கும் கணக்கு, தனியாவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும்.

மதர்போர்டு நொடிக்கு ஏறத்தாழ 26 கோடியே 67 லட்சம் தட்டு தட்டுகிறது. பயாஸில் அது 266 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ப்ராசஸர் ஒன்பது எண்ணிக்கை போடுகிறது. அசல் சங்கீர்ண நடை. பெருக்கினால் 2.4. ஒன்பதுக்கு மேல் போகவிடாமல் இன்டெல் பூட்டிவிட்டது. ஆகவே நடையைத் தொடாமல் காலப்பிரமாணத்தை மட்டும் கூட்ட வேண்டும். 266 இருக்கும் இடத்தில் 333 என்று போட வேண்டும்.

ஏன் 320 இல்லை, 350 இல்லை? நயமே இங்கேதான். ப்ராசஸரையும் சிப்செட்டையும் இணைக்கும் பஸ் ஒரு தட்டுக்கு நான்கு முறை தரவு அனுப்பும். 333-க்கு நான்கு மடங்கு 1333. மதர்போர்டில் இருக்கும் பி35 சிப்செட்டுக்கு இன்டெலே விதித்த வேகம் அது. 2:3 விகிதத்தில் ஓடிக்கொண்டிருந்த டிடிஆர்2-800 ரேமை 5:6-க்கு மாற்றினால், இம்மி பிசகாமல் பழைய 400 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கும். பிசிஐ எக்ஸ்பிரஸை 100-இல் பூட்டிவிட்டால் கிராபிக்ஸ் கார்டுக்குச் சேதியே தெரியாது. பெட்டிக்குள் இத்தனை உறுப்புகள் இருக்க, தன் எல்லையைத் தாண்டுவது ப்ராசஸர் ஒன்றுதான்.

அதற்கும் முன்னுதாரணம் உண்டு. இதே 333 பெருக்கல் 9 கணக்கில் இன்டெல் 2007 ஜூலையில் கியூஎக்ஸ்6850 என்ற சிப்பை 999 டாலருக்கு விற்றது. அதே மாதம் கியூ6600-இன் விலை 266 டாலருக்கு இறங்கியது. அந்த 266-ஐ நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

விலை உயர்ந்த அண்ணனுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 130 வாட். நம் சிப்புக்கு, பின்னால் வந்த ஜி0 வகையானால், 95. மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தால் அது ஜி0. 3.0-க்குப் போகிறவர் 130 வாட் தாங்கும் கூலரை மாட்ட வேண்டும். வேகம் கூடினால் சூடு அதே விகிதத்தில்தான் கூடும். வோல்டேஜ் கூடினாலோ வர்க்கத்தில் கூடும். கால் பங்கு கூடிய வேகத்தோடு வோல்டேஜையும் 1.25-லிருந்து 1.35-க்கு ஏற்றினால், மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சூடு. அதனால் முதலில் வோல்டேஜை ஏற்றாதீர்கள். ஆட்டோவிலும் விடாதீர்கள், பல போர்டுகள் தாமாகவே ஏற்றிவிடும். சூடும் மின்னோட்டமும் சிப்புக்குள் இருக்கும் செப்புக் கம்பியின் அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்திவிடும்.

கோருக்குள் இருக்கும் சென்சாரையும் ரசிக்க வேண்டும். எத்தனை டிகிரி ஏறியது என்று அது எண்ணுவதில்லை. எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்று கீழ்நோக்கி எண்ணுகிறது. மிச்சம் பூஜ்யமானால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை பத்து டிகிரி ஏறினால் அந்த மிச்சமும் ஏறத்தாழ பத்து குறையும். மார்கழியில் தேறிய மெஷின் அக்னி நட்சத்திரத்தில் தவறுவது இதனால்தான். பழைய செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள அறையில் வைத்தால், வெயில் நேரடியாக இறங்கும் மாடி அறையைவிட நிலைமை மேல்.

சோதிக்க பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதிய மென்பொருள் அது. விடை தெரிந்த கணக்குகளைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுகிறது. ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி வரும். நான்கு கோரில் எது தடுமாறியது என்பதும் தெரிந்துவிடும். விண்டோஸ் நீலத்திரை காட்டுவதற்கு வெகு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. சித்திரை மாத மதியத்தில் சில மணி நேரம் இதை ஓடவிடுங்கள்.

400 பெருக்கல் 8 என்று 3.2-க்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்குப் போர்டும் தன் எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 333 போதும்.