பாஞ்சாலங்குறிச்சியில் ஓர் ஒப்பாரி

தூத்துக்குடியிலிருந்து மதுரை சாலையில் போய்க் குறுக்குச்சாலையில் திரும்பினால் கடல் பின்னால் போய்விடும். அதன்பிறகு கரிசல்தான். உடைமரம், சீமைக்கருவேலம், தூரத்தில் காற்றாலைகள். ஆடி மாதம் அந்த வெட்டவெளியில் இறங்கி நின்றால் சேலைத் தலைப்பைப் பிடிப்பதா கண்ணில் விழுந்த தூசியைத் துடைப்பதா என்றே தெரியாது. அப்படி ஒரு நாளில் அம்மாவை அழைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனேன். முப்பது வருடம் உப்பளத்தில் பெட்டி சுமந்தவள். பக்கத்து ஊரில் இருந்துகொண்டே ஒருநாளும் 'சுற்றிப்பார்க்க' அங்கே போனதில்லை.

நாம் பார்ப்பது கட்டபொம்மனின் கோட்டை அல்ல. 1974இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை. உள்ளே கட்டபொம்மன் சிலை, சுவரெல்லாம் அவர் வரலாற்றுச் சித்திரங்கள். பழைய கோட்டையை 1801இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து அடித்தார்கள் என்றும் சொல்வார்கள். தோண்டியெடுத்த அடிக்கட்டுமானம் மட்டும் பக்கத்தில் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே போவதில்லை. போட்டோவுக்கு அது தோதுப்படாது.

அம்மா சிலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு வெளியே வந்து அந்த அடிக்கட்டுமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பழைய கோட்டை மண்ணாலயா கட்டுனாவ?" என்றாள். ஆமாம் என்றேன். "எத்தன நாள்ல?" ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரி 2ஆம் தேதி தப்பி வந்ததும், இடிந்து கிடந்த கோட்டையை ஆறே நாளில் எழுப்பிவிட்டார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். "ஆறு நாளா! ஏட்டி, இம்புட்டு மண்ணக் கொழைக்கத் தண்ணி யாரு சொமந்தா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. கட்டினார்கள், எழுப்பினார்கள், காத்தார்கள் என்று வினைச்சொல்லோடு நின்றுவிடுவார்கள். கரிசலில் மண் வேலை என்றால் வெட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் ஒருவர். சுமக்கிறவர் யார் என்று இன்றைக்கும் ஏதாவது ஒரு கட்டட வேலை நடக்கிற இடத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1801இல் பெண்கள்தான் சுமந்தார்கள் என்பதற்கு என்னிடம் ஆவணம் கிடையாது. ஆண்கள் மட்டுமே சுமந்தார்கள் என்பதற்கும் யாரும் ஆவணம் காட்டியதில்லை; ஆனால் அப்படி நம்ப மட்டும் யாரும் ஆவணம் கேட்பதில்லை.

ஆவணம் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அங்கே போனதே அவளுக்காகத்தான்.

அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் ஜேம்ஸ் வெல்ஷ். தன் படை அனுபவங்களை 1830இல் லண்டனில் புத்தகமாக்கினார். 1801 மே 24 அன்று கர்னல் அக்னியூவின் படையிடம் கோட்டை விழுந்தது. அதன்பிறகு நடந்ததாக அவர் ஒன்று எழுதிவைத்திருக்கிறார். களத்தில் கிடந்த பிணங்களுக்கு நடுவே பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடி வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். இன்னும் உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான் மகன். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டு, கூட வந்த கிழவிகளோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். தப்பியவர்களைத் தேடி எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் ஊமைத்துரை மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை போட்டுப் பையன் செத்துப்போனான் என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

இந்தக் கதை மேடைகளில் நிறையச் சொல்லப்படுகிறது. தலைவனுக்காக மகனையே கொடுத்த வீரத்தாய் என்று முடிப்பார்கள். வெல்ஷும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறார்: இந்த மக்கள் தங்கள் தலைவனைத் தெய்வமாக நினைத்தார்கள் என்பதற்கு அவருக்கு இது ஒரு சான்று. வெள்ளைக்கார ராணுவக்காரரும் நம் மேடைப் பேச்சாளரும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு பெண்ணை வாசிப்பது எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. இரண்டு வாசிப்பிலும் செயல் மகனுடையது. அவன் சொன்னான், அவள் செய்தாள்.

ஆனால் மகன் சொன்னது காப்பாற்று என்ற ஒரு சொல்தான். எப்படி என்று அவன் சொல்லவில்லை. வெள்ளைத் துணி, ஒப்பாரி, அம்மை எல்லாம் பெண்களின் யோசனை. அம்மை கண்ட வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் நின்று சொல்கிறவர்கள் பெண்கள். வேப்பிலை செருகுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் பொறுப்பு. ஆயுதத்தோடு வருகிற ஆண் எந்த வாசலைக் கண்டு பயப்படுவான் என்பது அவர்களுக்கு அன்றாட அறிவு. மருத்துவச்சி வேலையைப் போல, சமையலைப் போல, இதுவும் அறிவு என்று யாரும் எழுதிவைக்காத ஒன்று. கோட்டைச் சுவரால் முடியாததை அன்று ஒரு வீட்டு வாசல் செய்தது.

அந்த ஒப்பாரியை எல்லோரும் 'பொய் அழுகை' என்கிறார்கள். நானும் மாணவிகளுக்கு வருடக்கணக்கில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், தந்திரம் என்று. அம்மாவிடம் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அவ மவன் அங்கன கெடக்கான்லா? பெறகு என்னட்டி பொய் அழுகை?"

துணிக்கு அடியில் கிடந்தது ஒருவன். அழப்பட்டது இன்னொருவனுக்கு. அவள் உடலை யார் எடுத்து வந்தார்கள் என்று வெல்ஷ் சொல்லவில்லை. அவள் மகனின் உடலைத்தான் சொல்கிறேன், எழுதும்போது கை தவறிவிட்டது, அடிக்காமல் விட்டுவிடுகிறேன். அவளுக்கு ஒப்பாரி வைக்கக் கிடைத்த இடமே அந்த ஒன்றுதான் என்றால், அதில் நடிப்பு எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று பிரிக்க நாம் யார்?

வெல்ஷ் அவள் பெயரைக் குறிக்கவில்லை. இதே கரிசலில், கோட்டையைப் பிடிக்க வந்து செத்த ஆங்கிலேயர்களுக்குக் கல்லறைகள் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் பெண்ணுக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜக்கம்மா இருக்கிறாள். குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் நம் வாசலில் அழைக்கிற அதே ஜக்கம்மா. அவளுக்குக் கோயில் உண்டு, வருடா வருடம் திருவிழா உண்டு. தெய்வமானால் இடம் கிடைக்கிறது. தண்ணீர் சுமந்தவளுக்கும் பொய் சொல்லி உயிர் காத்தவளுக்கும் அந்த வழி இல்லை.

அப்படியானால் அவளுக்கும் ஒரு சிலை வைக்கச் சொல்லவேண்டுமா? போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். நான் தயங்கினேன், இப்போதும் தயங்குகிறேன். வைத்தால் எப்படி வைப்பார்கள் என்று தெரியும்: நிமிர்ந்த தலை, கண்ணில் கனல், மடியில் தலைவன். இல்லாத பெயர் ஒன்றைச் சூட்டுவார்கள். பெயருக்குப் பின்னால் சாதி வரும். தென் மாவட்டங்களில் சிலை என்றால் அடுத்த நாளே கம்பிக்கூண்டும் வரும்.

கயத்தாறு நினைவுக்கு வருகிறது. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர். அங்கே இப்போதுள்ள சிலை, 1959இல் வந்த படத்தில் அவராக நடித்த சிவாஜி கணேசன் 1970இல் நிறுவியது. படத்தைப் பார்த்தவர்களுக்குச் சிலையைப் பார்த்தால் வசனம் காதில் கேட்கும், எனக்கும் கேட்டது. ஆனால் சிலைக்கு முன்பே அங்கே ஒரு நினைவிடம் இருந்தது. வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டுச் சேர்ந்த கற்குவியல் அது. திறப்புவிழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. சந்தைக்குக் கூடை சுமந்து போகிற பெண் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் அவளைத் தடுத்திருக்க மாட்டார்கள். சிலைக்கு நாம் பார்வையாளர்கள் மட்டும்தான். அந்தக் குவியலுக்கு நாமும் கட்டியவர்கள்.

ஊமைத்துரையை அவள் காப்பாற்றியது மே மாதத்தில். நவம்பர் 16 அன்று அதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து அவரைத் தூக்கிலிட்டார்கள். அன்றைக்கு அவள் உயிரோடு இருந்திருந்தால் மூன்று மைல் நடந்து வந்து பார்த்திருப்பாளா, வீட்டிலேயே இருந்திருப்பாளா?

பஸ் வர நேரம் இருந்தது. அம்மா வேலியோரம் நின்ற உடைமரத்து நிழலில் உட்கார்ந்து, காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த முள்ளை என்னிடம் நீட்டி, யார் காலிலும் படாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னாள்.