மண்ணுக்குள் தெளியும் தேறல்

ஜார்ஜியாவில் ஒரு மலைவீட்டுக்குப் போய் ‘உங்கள் ஒயின் எங்கே?’ என்று கேட்டால், வீட்டுக்காரர் தரையைத்தான் காட்டுவார். ‘மரனி’ என்று அவர்கள் சொல்லும் ஒயின் அறையில் பீப்பாயைத் தேடினால் ஏமாற்றம்தான். மண்தரையில் வட்டவட்டமாகச் சில மூடிகள்; ஒவ்வொரு மூடிக்கும் கீழே கழுத்துவரை புதைந்த ஒரு மண்தாழி. அதற்கு க்வெவ்ரி என்று பெயர். வயிறு அகன்று, அடி கூம்பி, முட்டை போல இருக்கும். பெரிய தாழிக்குள் ஆள் இறங்கலாம்.

இந்த ஒயினை ருசிக்க நான் தேர்ந்துகொள்வது ராச்சா பகுதியை. காகசஸ் மலைத்தொடரின் தென்சரிவில், ரியோனி ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் இருக்கிற குளிர்ந்த ஊர்கள். அம்ப்ரொலாவுரிதான் அங்கே பெரிய ஊர். சமவெளியில் திராட்சை அறுத்து முடிந்த பிறகுதான் இங்கே அறுவடை, அக்டோபர் ஆகிவிடும். அலெக்சாண்ட்ரௌலி, முஜுரெத்துலி என்ற இரண்டு கருந்திராட்சைகளும் கொடியிலேயே நின்று சர்க்கரை ஏறிக் கனிந்திருக்கும்.

மிதித்த சாறு தோலோடும் விதையோடும் தாழிக்குள் போகிறது. யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பழத்தோலில் இருப்பதே போதும். சாறு பொங்கும்போது சக்கை மேலே மிதந்து வரும். அதை நாளுக்குச் சில தடவை கோலால் அமுக்கிவிட வேண்டும். பொங்கல் அடங்கியதும் சக்கை தானே கீழே இறங்கும். கூம்பிய அடியின் சூட்சுமம் அப்போதுதான் புரியும். கனமான விதைகள் முதலில் கூம்புக்குள் போய் அடைகின்றன. அவற்றின்மேல் வண்டல் படிந்து மூடிக்கொள்கிறது. விதையின் கசப்பு அங்கேயே அடங்கிவிட, மேலே ஒயின் தெளிகிறது. சுற்றியிருக்கும் மண் கோடையிலும் குளிரிலும் சூட்டைப் பெரிதாக ஏறி இறங்க விடுவதில்லை.

ராச்சாவின் தனிச்சுவை குளிர் கொடுத்த வரம். சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்குளிர் இறங்கிவிடும், ஈஸ்ட் உறங்கிப்போகும். சர்க்கரை கொஞ்சம் புளிக்காமல் மிஞ்சும். இப்படி இயல்பாகவே இனிப்புத் தங்கிய ஒயின்தான் க்வாஞ்ச்காரா. அது ஒரு கிராமத்தின் பெயர். ஸ்டாலினுக்குப் பிடித்தது என்று எல்லோரும் சொல்லுகிற ஒயின். ஆலைகள் அதைக் குளிரூட்டி, வடிகட்டிப் புட்டியில் அடைக்கின்றன. வீட்டு ஒயினுக்கு அந்தக் காவல் கிடையாது. வெயில் வந்தால் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மறுபடி பொங்கத் தொடங்கும். அதனால் அது தொலைதூரம் போகாது; அதைக் குடிக்க நாம்தான் மலையேற வேண்டும்.

சுரைக்குடுக்கையில் நீண்ட காம்பு பொருத்திய அகப்பையால் மொண்டு ஊற்றுகிறார்கள். நிறம் நாவற்பழத்தை நசுக்கினாற்போல. முதல் வாயில் இனிப்பு, உடனே புளிப்பு. இரண்டும் போனபின் நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு நிற்கிறது. ஒயின் ரசிகர்கள் பக்கம்பக்கமாக எழுதுவது இந்தத் துவர்ப்பைப் பற்றித்தான். வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் தின்று, அறுசுவையில் அதற்கென்று ஓர் இடமும் ஒதுக்கி வைத்த நாக்குக்கு அது புதிதல்ல. பக்கத்தில் அவரை அடைத்த லோபியானி ரொட்டியும் புகையில் வாட்டிய பன்றித்தொடையும் இருந்தால் அந்தத் துவர்ப்பின் வேலை தெரியும். ஒவ்வொரு கவளத்துக்கும் வாயைத் துடைத்துக் கொடுக்கிறது.

கிழக்கே ககேத்தியில் கதை வேறு. வெள்ளைத் திராட்சையையும் தோல், விதை, காம்போடு போட்டு ஐந்தாறு மாதம் மூடிவிடுவார்கள். வெளியே வருவது தேநீர் நிறத்து ஒயின். அது என்னைப் பிரமிக்க வைக்கிறது. ராச்சா ஒயின் பக்கத்தில் உட்கார வைக்கிறது.

வீட்டு ஒயின் எல்லாமே அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். காடியாகிப் போனது உண்டு. எலி நாற்றம் அடிப்பது உண்டு. பெரும்பாலும் குற்றம் திராட்சையில் இருக்காது, தாழியைக் கழுவியதில் இருக்கும். சுட்ட மண்ணுக்கு நுண்துளைகள் அதிகம். உள்ளே தேன்மெழுகு பூசியிருந்தாலும் பழைய வண்டல் எங்காவது ஒட்டிக்கொண்டால் அடுத்த வருடத்து ஒயின் கெட்டது. செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பானைக் கழியில் செருகி, கழுவி ஊற்றிய தண்ணீர் தெளிவாக வரும்வரை தேய்ப்பார்கள். பெரிய தாழி என்றால் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். இந்தக் கலையில் பாதி, கழுவுகிற கலை.

அகழாய்வில் கிடைத்த ஜாடித் துண்டுகள் ஜார்ஜிய ஒயினைக் கி.மு. 6000 வாக்கில் கொண்டுபோய் வைக்கின்றன. 2013-இல் க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது. இந்தப் பெருமைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வீட்டுக் கொல்லைகளின் பிடிவாதம். அந்த நாட்டுக்கே உரிய திராட்சை வகைகள் 500-க்கும் மேல். சோவியத் ஆலைகள் விளைச்சல் தரும் சில வகைகளையே கேட்டன. 1985-இல் கோர்பச்சேவின் மதுவொழிப்பு வந்தபோது தோட்டங்களே வெட்டப்பட்டன. ஆலைக்கு வேண்டாத கொடிகள் பலவும் பிழைத்தது, தங்கள் வீட்டுக்கு மட்டும் ஒயின் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கொல்லையில்தான்.

மண்ணுக்குள் மது வைப்பது நமக்கு அந்நியமான கதை அல்ல. பாரி போனபின் அவன் மலைநாட்டின் வளத்தை நினைத்துக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிர வைத்த மது வருகிறது; புல்வேய்ந்த குடிசைதோறும் அது வழங்கப்படுகிறது. கபிலர் அதைத் தேறல் என்கிறார். தேறல் என்றால் தெளிந்தது. மரனியின் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

தாழியைத் திறந்துவிட்டால் காற்றுப் படும், ஒயின் காத்திருக்காது. அதனால் விருந்தாளிகள் சேர்ந்தால்தான் திறப்பார்கள், அல்லது திறந்ததற்காகவே விருந்தாளிகளைக் கூப்பிடுவார்கள். விருந்தை நடத்துகிற ‘தமதா’ எழுந்து நின்று இறந்தவர்களுக்கும் பிறக்கப்போகிறவர்களுக்கும் வாழ்த்துச் சொல்லச் சொல்ல, அகப்பை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கும். கடைசியில் அது வண்டலைத் தட்டும். எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் மட்டும் குனிந்து தாழிக்குள் ஒருமுறை பார்ப்பார். அவருக்கு மறுநாள் கழுவுகிற வேலை இருக்கிறது.